கவச உருவப்படம்

இரும்புக் கவசம் பூண்ட கோலத்தில் ஒரு கனவானைத் தீட்டும் ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவிய வகை. 18ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மன் அரசவைகளில் பெருவழக்காக இருந்தது. விந்தை என்னவென்றால், அந்நாளில் முழுக்கவசம் அணிந்து போருக்குப் போனவர் யாருமில்லை. துப்பாக்கிக் குண்டைத் தாங்குமளவு தடிமனாகச் செய்தால் அதைச் சுமந்து நடக்க முடியாது. ஆகவே 17ஆம் நூற்றாண்டிலேயே படைகள் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் போட்டுவிட்டன. குதிரைப்படையில் சிலரிடம் மார்புக் கவசம் மட்டும் எஞ்சியது.

இந்த மரபின் வேர் இத்தாலியில் இருக்கிறது. உர்பினோ கோமகன் 1536இல் தம் சொந்தக் கவசத்தையே வெனிசிலிருந்த திஷியனுக்கு அனுப்பிவைத்து, பிறகு திருப்பித் தரும்படி கேட்டு எழுதினார். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் குதிரைமீது அமர்ந்திருப்பதாக 1548இல் அதே ஓவியர் தீட்டிய படத்திலுள்ள கவசம் இன்றும் மாட்ரிட் அரச ஆயுதக்கூடத்தில் இருக்கிறது. அதாவது அன்று கவசம் படத்திலிருப்பவரின் உடைமை. அடுத்த நூற்றாண்டில் ஓவியர் வான் டைக் இந்த மரபை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் கவசம் மெல்ல மெல்ல ஓவியக்கூடத்து உடுப்பாகிவிட்டது.

லண்டனில் இதைத் தொழிலாகவே நடத்தியவர் லூபெக்கில் பிறந்த காட்ஃப்ரி நெல்லர் (1646–1723). தலை மட்டும் என்றால் 15 கினி, ஒரு கையும் சேர்ந்தால் 20, அரையுருவம் 30, முழுவுருவம் 60 என்று அவர் விலை வைத்திருந்ததாக எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் குறித்திருக்கிறார். முகம் நெல்லரின் கைவண்ணம். உடையும் பின்னணியும் பெரும்பாலும் உதவியாளர்களுடையவை. ஒரே தோள்தகடும் ஒரே முழங்கை மடிப்பும் வெவ்வேறு பிரபுக்களின் உடலில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். 1698இல் லண்டன் வந்த ரஷ்ய மன்னர் பீட்டரையும் அவர் கவசத்தில்தான் தீட்டினார். தோளில் வெண்மயிர் விளிம்பிட்ட மேலாடை, பின்னே கப்பல்கள். அந்தப் பயணத்தில் கப்பல் தளங்களைச் சுற்றிவந்த மனிதரின் சாயல் படத்தில் துளியும் இல்லை.

பாரிசில் இயசிந்த் ரிகோ (1659–1743) நெல்லரைவிட நுட்பமானவர். உதவியாளர்களுக்கு எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்பதைக் காட்டும் அவருடைய கணக்கேடுகள் கிடைத்திருக்கின்றன. பின்னணியில் போர்க்காட்சி வேண்டுமானால், அதில் கைதேர்ந்த ஜோசப் பரோசெலிடம் ஒப்படைத்தார்.

எஃகைத் தீட்டுவதில்தான் ஓவியரின் திறமை வெளிப்படும். கருநீலமும் பழுப்புமாக அடிவண்ணம் பூசி, விளிம்பில் வெண்ஈயத்தால் ஒற்றைக் கீற்று இழுப்பார்கள். இடுப்புக் கச்சையின் சிவப்பு அருகிலுள்ள தகட்டில் மங்கலாகப் பிரதிபலிக்கும். சன்னலின் ஒளி மார்பில் சிறு கட்டமாகத் தெரியும்.

போர் முனையையே பார்க்காதவர்களும் கவசத்தை விரும்பினார்கள். குலப்பெருமை ஒரு காரணம். உடை மோஸ்தர் பத்தாண்டுக்குள் பழசாகிவிடும், கவசம் ஆகாது என்பது இன்னொன்று. ஆனால் அதன்மேல் வழியும் சுருள் பொய்முடியும் சரிகைக் கழுத்துத்துணியும் படத்தின் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். காலக்கணிப்புக்குக் கவசத்தைவிடப் பொய்முடியே உதவும்.

ஜான் ஸ்மித் போன்றோரின் மெஸோடின்ட் அச்சுப்படங்கள் நெல்லரின் பாணியை அட்லாண்டிக் கடந்தும் கொண்டுசென்றன. பாஸ்டனில் குடியேறிய ஜான் ஸ்மைபர்ட், 1729இல் பிரிட்டிஷ் படை அதிகாரி பால் மாஸ்கரீனைக் கவசத்தில் தீட்டினார்.

படைச் சீருடைகள் நிலைபெற்றதும் கவசத்தின் தேவை குறைந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு 1748இல் சீருடை வந்தது. ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1752–53இல் தீட்டிய கடற்படை அதிகாரி கெப்பல், சாதாரண மேலங்கியில் கடற்கரையில் எட்டி நடக்கிறார். எனினும் வழக்கம் ஒரேயடியாக அற்றுப்போகவில்லை. அதே ரெனால்ட்ஸ் 1760களில் தளபதி கிரான்பி பிரபுவுக்கு மார்புக் கவசம் மாட்டித்தான் படம் தீட்டினார்.