மான் வேட்டை, திருகோணமலை
திருகோணமலைக் காடுகளில் வேட்டைக்காரர் தேடியவை புள்ளிமானும் மரையும். சுடுவதா விடுவதா என்பதைப் பிரித்தானியர் கால வேட்டை மரபு கொம்பைக் கொண்டே தீர்மானித்தது: முதிர்ந்த கொம்புள்ள கலையைச் சுடலாம், பிணையையும் குட்டியையும் விட்டுவிட வேண்டும். புள்ளிமானிடம் இந்தக் கணக்குச் சற்றுத் தடுமாறும். கலைகள் ஆண்டின் எந்த மாதத்திலும் கொம்பு உதிர்க்கும்; மங்கிய வெளிச்சத்தில் கொம்பிழந்த கலையும் பிணையாகத் தெரியும். குட்டி ஈனுவதற்கும் கறாரான பருவம் இல்லை. ஆகவே குளிர்நாடுகளின் வேட்டைத் தடைக்காலம் இங்கு அரைகுறையாகவே பொருந்தும். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் பிந்திய திருத்தங்களும் சுடுவதா விடுவதா என்ற தெரிவையே இல்லாமற் செய்தன; இன்று மான் வேட்டை குற்றம். நகருக்குள்ளேயே, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டையில், புள்ளிமான்கள் கூச்சமின்றி உலவுகின்றன. வருவோர் கொடுக்கும் பழத்தைத் தின்பவை, குப்பையில் கிடக்கும் பொலித்தீனையும் விடுவதில்லை.