மின்கார் பேட்டரியின் பாதுகாப்பு

மின்காரின் லித்தியம்-அயனி பேட்டரி வெளியே ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை நூற்றுக்கணக்கான செல்கள். சில கார்களில் ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு செல்லிலும் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது, தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அந்தப் படலம் ஊறிக் கிடக்கும் மின்பகுளியோ எளிதில் தீப்பற்றும் திரவம். படலம் ஓரிடத்தில் கெட்டால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். சூடு ஏறி 130 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பாலிஎத்திலீன் படலம் உருகத் தொடங்கும். 200 டிகிரியை ஒட்டி, நிக்கல் மிகுந்த நேர்முனை ஆக்சிஜனை விடும். எரிபொருள், ஆக்சிஜன், சூடு மூன்றும் ஒரே உறைக்குள் சேர்ந்துவிடுவதால் இந்தத் தீயை மூடி அணைக்க முடியாது. எரியும் செல்லின் சூடு அடுத்த செல்லையும் பற்றவைக்கும். ஆகவே பாதுகாப்பு என்பது தீயை அணைப்பதைவிட, செல்லைப் பழுதில்லாமல் செய்வதிலும், ஒரு செல் எரிந்தாலும் மற்றவை எரியாமல் தடுப்பதிலும்தான் இருக்கிறது.

இதற்குத் தெளிவான சான்று ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே போல்ட். நிறுத்தி வைத்திருந்த சில போல்ட் கார்கள் தீப்பிடித்ததால் 2020 நவம்பரில் நிறுவனம் முதல் திரும்பப் பெறுதலை அறிவித்தது. தென்கொரியாவின் ஓசாங் ஆலையில் எல்ஜி தயாரித்த செல்கள்தான் காரணம் என்று அப்போது கருதப்பட்டது. முழு சார்ஜைத் தவிர்ப்பதும், பழுதை மென்பொருளால் கண்டுபிடிப்பதும் போதும் என்று நம்பினார்கள். ஆனால் அந்தத் திருத்தம் பெற்ற கார்களும் 2021இல் எரிந்தன. செல்களைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு குறைகள் தெரிந்தன: எதிர்முனையின் இணைப்புத் தகடு கிழிந்திருந்தது, பிரிப்புப் படலம் மடிந்திருந்தது. இரண்டும் ஒரே செல்லில் அமைந்தால்தான் ஆபத்து. அந்த அரிதான சேர்க்கை மற்ற ஆலைகளின் செல்களிலும் இருக்கக்கூடும் என்று தெரிந்ததும், அதுவரை விற்ற எல்லாப் போல்ட்களும், ஏறத்தாழ 1,42,000 கார்கள், 2021 ஆகஸ்டில் திரும்பப் பெறுதலுக்குள் வந்தன. காரை வெட்டவெளியில் நிறுத்துங்கள், இரவில் கவனிக்காமல் சார்ஜ் போடாதீர்கள் என்று உரிமையாளர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டோடு ஒட்டிய கேரேஜில் கார் நிற்கும் குடும்பத்துக்கு அந்த வரி எவ்வளவு அச்சம் தந்திருக்கும்!

பெட்ரோல் கார்கள்தான் அதிகம் எரிகின்றன என்பது நியாயமான மறுப்பு. சுவீடனில் 2022இல் மின்கார்களும் மின்கலப்புக் கார்களும் ஏறத்தாழ 6,11,000 ஓடின. அவற்றில் தீப்பிடித்தவை 23 மட்டுமே. பெட்ரோல், டீசல் கார்கள் 44 லட்சம். தீ விபத்துகள் சுமார் 3,400. மின்கார்களில் பெரும்பாலானவை புதியவை என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி பெரிது. மின்கார் அடிக்கடி எரியும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் எத்தனை முறை என்பது ஒரு கேள்வி, எங்கே, எப்படி என்பது வேறு கேள்வி. 2024 ஆகஸ்ட் 1 அன்று தென்கொரியாவின் இன்சியானில், அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடி நிறுத்தத்தில், சார்ஜில்கூடப் போடாமல் நின்ற ஒரு மின்கார் தீப்பற்றியது. தீயை முழுதும் அணைக்க எட்டு மணி நேரம் ஆனது; பக்கத்தில் நின்ற பல கார்களும் எரிந்தன. அங்கே நீர்த்தெளிப்பான் வேலை செய்யவில்லை என்பதும் பெரிய காரணம்தான். தண்ணீர் இந்தத் தீயில் செய்வது குளிர்விக்கும் வேலை. நேரத்துக்கு வந்திருந்தால் அக்கம்பக்கக் கார்களைக் காத்திருக்கும்.

இரும்பு பாஸ்பேட் செல்களுக்கு மாறினால் போதாதா என்றும் கேட்பார்கள். அவற்றின் நேர்முனை ஆக்சிஜனை எளிதில் விடாது. செல் கட்டுமீற, அதாவது அதன் சூடு தானாகவே பெருகிக்கொண்டு போக, அதிக வெப்பநிலை வேண்டும். பெரிய முன்னேற்றம் அது. ஆனாலும் மின்பகுளி அதே வகைதான். பழுதான செல் கக்கும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு; அடைத்த இடத்தில் தேங்கினால் வெடிக்கும்.

விதிகளும், ஒரு செல்லின் பழுது தீயாகப் பரவாமல் தடுக்கும் திசையில்தான் நகர்கின்றன. ஒரு செல் கட்டுமீறினால், ஆபத்து பயணிகளை எட்டுவதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பே எச்சரிக்கை வர வேண்டும் என்றது சீனாவின் 2020ஆம் ஆண்டுத் தரநிலை. 2026 ஜூலை முதல் நடைமுறை என அறிவிக்கப்பட்ட புதிய தரநிலையோ பேட்டரி தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது என்கிறது. காரின் அடிப்பாகத்தில் இடித்தும், 300 முறை விரைவு சார்ஜ் ஏற்றி இறக்கிய செல்லை ஷார்ட் செய்தும் அது சோதிக்கச் சொல்கிறது.