கையொப்பத்தின் விலையும் ஆவணத்தின் மதிப்பும்: தொடக்ககால அமெரிக்க ஆளுநர்களின் தாள்கள்

1776இல் விடுதலையை அறிவித்த பதின்மூன்று அமெரிக்க மாநிலங்களிலும் ஆட்சித் தலைவருக்கு ஒரே பதவிப்பெயர் இருக்கவில்லை. வர்ஜீனியாவிலும் நியூயார்க்கிலும் அவர் ஆளுநர். பென்சில்வேனியா, டெலவேர், தென் கரோலினா ஆகியவற்றில் தொடக்கத்தில் ‘பிரசிடென்ட்’. பெஞ்சமின் பிராங்க்ளின் 1785 முதல் 1788 வரை பென்சில்வேனியாவில் வகித்தது இப்பதவியே. ஆகவே இக்கால ஆளுநர்களின் கையொப்பங்களைத் திரட்ட முனைவோர், பதவிப்பெயரை மட்டும் நம்பித் தேடினால் பலரைத் தவறவிடுவர்.

அரசு ஆவணம் தனியார் கைக்குப் போனது எவ்வாறு? எல்லாம் களவு அன்று. வர்ஜீனியாவில் நில வழங்கல் பத்திரத்தின் வாசகம் நில அலுவலகப் பேரேட்டில் படியெடுக்கப்பட்டது. ஆளுநரின் கையொப்பமும் மாநில முத்திரையும் தாங்கிய மூலப்பத்திரம் நிலம் பெற்றவரிடமே வழங்கப்பட்டது. 1792 வரை கென்டக்கி வர்ஜீனியாவின் பகுதியாக இருந்தமையால், பேட்ரிக் ஹென்றி போன்றோர் கையொப்பமிட்ட பத்திரங்கள் அங்கும் குடும்பச் சொத்தாகத் தங்கின. படை அதிகாரிகளின் நியமன ஆணைகளுக்கும் இதே கதிதான். இவை முறைப்படி தனியாருக்கு உரியவை.

அலுவலகக் கோப்பிலிருந்து பிரிக்கப்பட்டவற்றின் கதை வேறு. இத்தகைய சேகரிப்பின் முன்னோடியான வில்லியம் பியூவெல் ஸ்பிரேக், 1815இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றபின், ஜார்ஜ் வாஷிங்டனின் மருமகன் வீட்டில் ஆசிரியராக இருந்தார். வாஷிங்டனின் தாள்களுக்கு உரிமையாளரான நீதிபதி புஷ்ரோட் வாஷிங்டன், படி எழுதி வைத்துவிட்டு மூலக் கடிதங்களை எடுத்துக்கொள்ள அவருக்கு இசைவளித்தார். விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட 56 பேரின் கையெழுத்துகளையும் முதன்முதலில் முழுமையாகத் திரட்டியவர் என ஸ்பிரேக் போற்றப்படுகிறார். ஆனால் ஒரு மடல் எந்த மடலுக்கு மறுமொழி, எதனோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது என்னும் ஒழுங்கு அங்கே குலைந்தது. வாசகத்தைப் படி காக்கும். அந்த ஒழுங்கைக் காக்காது.

ஐம்பத்தாறு பேரின் வரிசையை நிறைவு செய்ய விரும்பியோருக்குப் பெருந்தடை பட்டன் குவினெட். 1777 மார்ச்சில் ஜார்ஜியாவின் ஆட்சித் தலைமையை ஏற்ற அவர், லாக்லன் மெக்கின்டாஷுடன் நிகழ்த்திய துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று மே மாதமே இறந்தார். அறியப்பட்ட அவர் கையொப்பங்கள் ஏறத்தாழ ஐம்பதே. எனவே ஓர் எளிய கடன்பத்திரத்தில் இருப்பினும் அக்கையொப்பம் பெருவிலை பெறுகிறது. அதேவேளை, நெடுங்காலம் ஆட்சி புரிந்த ஜார்ஜ் கிளின்டன் போன்ற ஆளுநரின் பொருள்செறிந்த ஆணை அவ்விலையை நெருங்குவதில்லை. சந்தை அளப்பது அருமையை. வரலாற்றாளர் அளக்க வேண்டியது உள்ளடக்கத்தை.

உரிமை பற்றிய வினாவை வட கரோலினா நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றது. பின்னாளில் பிரகடனத்தில் கையொப்பமிட்ட வில்லியம் ஹூப்பர், அரச வழக்கறிஞராக ஒப்பமிட்ட 1767, 1768ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டுப் பத்திரங்கள் தனியார் கையில் இருந்தன. அவை பொது ஆவணங்கள், மாநிலத்துக்கே உரியவை என அம்மாநில உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் அரசின் உரிமை அழியவில்லை.

ஆயினும், அலுவலகங்கள் புறக்கணித்த தாள்கள் பல சேகரிப்பாளர்களின் ஆர்வத்தாலேயே பிழைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆகவே ஆய்வு மாணவர் தனியார் தொகுப்பிலுள்ள ஆவணத்தை எடுத்தாளும்போது இரண்டை வினவ வேண்டும்: இது பெறுநருக்கு வழங்கப்பட்ட மூலமா, அலுவலகம் வைத்துக்கொள்ள வேண்டிய பதிவா? யார் யார் கைமாறி இங்கு வந்தது? கையொப்பம் மெய்யானது என்று நிறுவிவிட்டால் மட்டும் இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிடாது.