மூன்று உயிர்களின் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கரையில் நாங்கள் கிளித்தட்டு மறித்த காலத்தில், மிகச் சிறியவன் அடிபட்டாலும் அவனை வெளியேற்றுவதில்லை. நாணயத்தில் இயங்கிய வீடியோ விளையாட்டு இயந்திரங்களுக்கு அந்த இரக்கம் கட்டுப்படியாகாது. புதியவன் விரைவில் தோற்பதே அவற்றின் வருமானம். 1978 இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மூன்று உயிர்களே தந்தது. 1988 இல் கொன்ட்ரா வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தபோது நாணயம் ஒழிந்தது. மூன்று உயிர், மூன்று மறுவாய்ப்பு என்ற கணக்கு ஒழியவில்லை.

1986 இல் கிரேடியஸின் வீட்டுப் பதிப்பில் பணியாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கே அவ்விளையாட்டுக் கடினமாயிருந்தது. சோதித்துப் பார்ப்பதற்காக ஓர் இரகசியப் பொத்தான் வரிசையை வைத்தார். அதுவே கொன்ட்ராவில் 30 உயிர்களைத் தந்தது.

படைத்தவருக்கே மறைவாகத் தேவைப்பட்ட சலுகையை, நாங்கள் சிறியவனுக்கு வெளிப்படையாகவே கொடுத்தோம். அவ்வாறு பழகியவர்களே பின்னாளில் நல்ல 'கிளி'கள் ஆனார்கள்.