நாய் ஒப்படைப்பு (இங்கிலாந்து)

வளர்க்க முடியாமல் போன நாயை உரிமையாளரே காப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிடும் முறை. வீட்டு உரிமையாளரின் தடை, மணமுறிவு, முதுமை, கட்டுப்படியாகாத மருத்துவச் செலவு ஆகியவை வழக்கமான காரணங்கள். மேரி டீல்பி 1860இல் லண்டனின் ஹாலோவேயில் தொடங்கி, 1871இல் பாட்டர்சிக்கு இடம்பெயர்ந்த காப்பகம் இத்துறையில் பழமையானது. முதலில் அது வழிதவறிய நாய்களுக்கான புகலிடமாகவே இருந்தது.

பொதுவாக, முன்கூட்டியே பேசி நேரம் வாங்க வேண்டும். இடமில்லையென்றால் காத்திருக்க நேரும். நாயைப் பற்றிய விசாரணைதான் இதில் முக்கியம். யாரையாவது கடித்ததா, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா, தனியே விட்டால் கதவைப் பிறாண்டுமா என்று துருவிக் கேட்பார்கள். நாயை வாங்க மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கடித்ததை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பொய்யின் விலையை அதை அடுத்துத் தத்தெடுக்கும் குடும்பமே கொடுக்கிறது.

தடுப்பூசிச் சான்றும் சிகிச்சைக் குறிப்புகளும் உடன் வர வேண்டும். 2016 முதல் நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம் என்பதால், அதன் பதிவிலும் பெயர் மாறும். கையெழுத்திட்டதும் உரிமை காப்பகத்துக்குப் போய்விடுகிறது. தெருவில் பிடிபட்ட நாயை உரிமையாளர் தேடி வருவாரென உள்ளாட்சி அமைப்பு 7 நாள் வைத்திருக்க வேண்டும். ஒப்படைத்த நாய்க்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. மருத்துவப் பரிசோதனையும் குணமதிப்பீடும் முடிந்ததும் தத்துக்குத் தயார். அது யார் வீட்டுக்குப் போனது என்பதைப் பழைய உரிமையாளருக்குச் சொல்லும் வழக்கமில்லை.