குற்றப்பத்திரிகைக்கு முன்பே கைவிலங்கு

ரூடி ஜூலியானி நியூயார்க்கில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞராக இருந்தது 1983 முதல் 1989 தொடக்கம் வரை. அந்தக் காலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வாங்கிய தண்டனைகள் 4,152, மேல்முறையீட்டில் கவிழ்ந்தவை 25. பின்னாளில் அவர் அரசியலில் இறங்கியபோது ஆதரவாளர்கள் தேர்தலுக்குத் தேர்தல் ஒப்பித்த கணக்கு இது. செஷன்ஸ் கோர்ட்டில் காலம் தள்ளியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். மதுரையில் சில வருடங்கள் கூடுதல் அரசு வழக்கறிஞராக இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நின்றேன். பார்த்த சாட்சி கூண்டில் ஏறியதும் பிறழ்வதையும், மகஜர் சாட்சி ‘வெற்றுத் தாளில்தான் கையெழுத்து வாங்கினார்கள்’ என்பதையும் நித்தம் கண்டவன். ஆனால் ஜூலியானியின் கதையைத் தேடித் தேடிப் படித்த பிறகு, அந்தக் கணக்கில் ஏறாத பெயர்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலில் அந்தப் பதவி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இப்படி 93 பேர் இருக்கிறார்கள். ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. மன்ஹாட்டனை உள்ளடக்கிய நியூயார்க் தென் மாவட்ட அலுவலகம் 1789இல் தொடங்கியது. அவர்களுடைய நீதித் துறையே 1870இல்தான் பிறந்தது. வாஷிங்டன் சொல்வதை எளிதில் கேட்காத அலுவலகம் என்று பெயர் வாங்கியது அது. நம் ஊரில் அரசு வழக்கறிஞரின் மேசைக்கு வழக்கு வரும்போது போலீஸ் விசாரணையை முடித்து, இறுதி அறிக்கையும் போட்டிருக்கும். ஓட்டையோ உடைசலோ, வந்ததை வைத்துத்தான் நடத்த வேண்டும். அங்கே எஃப்.பி.ஐ.யோடு உட்கார்ந்து விசாரணையைச் செலுத்துபவரே அரசு வழக்கறிஞர்தான். யாரைக் குற்றவாளியாக்குவது, யாரை அப்ரூவராக்குவது, எந்தப் பிரிவைப் போடுவது, எதைக் கைவிட்டால் எதிராளி குற்றத்தை ஒப்புக்கொள்வான் என்பதெல்லாம் அவர் முடிவு. பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கே போகாமல் இந்தப் பேரத்தில் முடிகின்றன. ஒரு மனிதனின் உயிர், விடுதலை, நற்பெயர் மூன்றின் மீதும் நாட்டில் வேறு யாரையும்விட அதிக அதிகாரம் உள்ளவர் அரசு வழக்கறிஞர் என்று 1940இல் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சன் தம் வழக்கறிஞர்களைக் கூட்டி வைத்து எச்சரித்தார்.

ஜூலியானி 1944இல் புரூக்ளினில் பிறந்த இத்தாலிய வம்சாவளிப் பிள்ளை. மாமன்மாரில் சிலர் போலீஸ்காரர்கள். அப்பா ஹரால்ட் 1934இல் பால் கம்பெனி வசூல்காரரிடம் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்து சிங் சிங் சிறையில் இருந்தவர். பத்திரிகையாளர் வேய்ன் பாரெட் 2000இல் எழுதிய நூலில்தான் இது ஊருக்குத் தெரிந்தது. மகன் 1968இல் சட்டம் முடித்து, 1970இல் தென் மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்தார். பெர்ட்ராம் போடெல் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் லஞ்ச வழக்கு அவர் பெயரை எடுத்துக் கொடுத்தது. 1974இல் அவர் செய்த குறுக்கு விசாரணையில் போடெல் தடுமாறிப்போய், கையிலிருந்த மூக்குக் கண்ணாடியின் வில்லையையே விரலால் குத்தி வெளியே தள்ளிவிட்டாராம். இடைவேளை கேட்டு வெளியே போனவர், திரும்பி வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். கேள்வியால் மட்டுமே ஒருவரை இந்த நிலைக்குக் கொண்டுவருவது லேசான காரியமில்லை. நான் பார்த்த சீனியர்களில் ஓரிருவருக்குத்தான் அது கைவந்தது.

1981இல் ரீகன் அரசில் நீதித் துறையின் மூன்றாம் இடத்துக்குப் போனார். இரண்டே வருடத்தில், ஒரு படி கீழான நியூயார்க் பதவியைத் தாமே விரும்பி எடுத்துக்கொண்டார். வழக்கு நடக்கும் இடமும் கேமராக்கள் நிற்கும் இடமும் அதுதான்.

அங்கே அவர் செய்த பெரிய வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நியூயார்க்கின் ஐந்து மாஃபியா குடும்பங்களுக்கும் மேலே ‘கமிஷன்’ என்று ஒரு பஞ்சாயத்து இருந்தது. யாரைக் கொல்வது, எந்தத் தொழிலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அதுவே தீர்மானித்தது. தலைவர்கள் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்பதால் தனிக் குற்றத்தில் அவர்களைச் சிக்க வைக்க முடியாமல் பல காலம் ஓடியது. 1970இல் வந்த ரிக்கோ சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. ஒரு கூட்டத்தையே குற்ற நிறுவனமாகக் காட்டி, பத்து ஆண்டுக்குள் நடந்த இரண்டு குற்றங்களை அதோடு இணைத்துவிட்டால், உத்தரவு போட்டவனும் சிக்குவான், சொத்தும் பறிபோகும். சட்டம் வந்து பல வருடங்கள் அதை எப்படிக் கையாள்வது என்று பலருக்கும் பிடிபடவில்லை. இந்த நிலையில் ஜோ பொனானோ என்ற ஓய்வுபெற்ற தலைவர் 1983இல் தன் சுயசரிதையில் கமிஷனைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். இவரே எழுதும்போது நாம் ஏன் வழக்குப் போடக்கூடாது என்ற யோசனை அங்கிருந்துதான் கிளம்பியது என்று ஜூலியானி சொல்லியிருக்கிறார்.

ஆதாரம் வந்த விதமும் சுவையானது. லூக்கேஸ் குடும்பத் தலைவர் டோனி கொரால்லோவை ஒரு ஜாகுவார் காரில் ஏற்றி ஊரெல்லாம் சுற்றி வந்தவர் சால்வடோர் அவெல்லினோ. மாநிலத்தின் குற்றத் தடுப்புப் படை 1983இல் அந்தக் காருக்குள் ஒலிவாங்கியைப் பொருத்தியது. வீட்டிலும் கிளப்பிலும் நாக்கை அடக்கி வாழ்ந்த கிழவர் காரில் மனம்விட்டுப் பேசினார். கான்கிரீட் வேலைகளில் இரண்டு சதவீதம் கப்பம் வாங்கிய ‘கான்கிரீட் கிளப்’பும் விசாரணையில் வெட்டவெளிச்சமானது. 1985 பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பால் காஸ்டெல்லானோ அந்த டிசம்பரில் ஸ்பார்க்ஸ் ஸ்டேக் ஹவுஸ் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கை நடத்தியவர் மைக்கேல் செர்டாஃப் என்ற இளம் உதவி வழக்கறிஞர். 1986 நவம்பரில் எட்டுப் பேரும் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. 1987 ஜனவரி 13 அன்று நீதிபதி ரிச்சர்ட் ஓவன் ஏழு பேருக்குத் தலா நூறு ஆண்டு, ஒருவருக்கு நாற்பது ஆண்டு விதித்தார். ஊர் கொண்டாடியது. கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். அவர்கள் வாயாலேயே பேசிப் பதிவான ஆதாரம், முறையான விசாரணை.

சரியாக முப்பது நாள் கழித்து, பிப்ரவரி 12. கிடர் பீபாடி என்ற பங்கு நிறுவனத்தின் வர்த்தகக் கூடத்தில் ரிச்சர்ட் விக்டன் என்ற மூத்த அதிகாரி வேலையில் இருந்தார். உள்ளே வந்தவர்கள் அவரைச் சுவரோரம் நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதித்தார்கள், கையில் விலங்கு மாட்டினார்கள். அதோடு விடவில்லை. அவரோடு பல காலம் வேலை பார்த்தவர்கள் போனைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்று பார்க்க, கூடத்தின் குறுக்கே நடத்திக் கூட்டிப் போனார்கள். அழுதுகொண்டே போனார். அதே நாளில் கோல்ட்மன் சாக்ஸின் ராபர்ட் ஃப்ரீமன் தம் அலுவலகத்தில் கைதானார். கிடரின் முன்னாள் ஊழியர் டிமோதி டாபரை முந்தைய இரவே வீட்டில் பிடித்துவிட்டார்கள். அந்நேரத்தில் ஜாமீனுக்கு எங்கே போவது? இரவு லாக்கப்பில் கழிந்தது.

மூவர் மீதும் இருந்த புகார், உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்தார்கள் என்பது. அப்போது கையிலிருந்த ஆதாரம் ஏறக்குறைய ஒருவர் வாக்குமூலம் மட்டும். மார்ட்டின் சீகல், அப்ரூவர். இவான் போஸ்கி என்ற பங்குச்சந்தைப் புள்ளிக்குத் தகவல் விற்று, பெட்டியில் ரொக்கமாகக் கூலி வாங்கியவர். அப்ரூவர் சாட்சியத்தை வேறு ஆதாரம் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று. தாங்கிப் பிடிக்க எதையும் தேடிவைக்காமல் விலங்கைப் பூட்டினார்கள். ஏப்ரலில் குற்றப்பத்திரிகை வந்தது. விசாரணைக்குத் தயாராக இன்னும் அவகாசம் வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்க, நீதிபதி லூயிஸ் ஸ்டாண்டன் மறுத்தார். மே மாதம் அரசே குற்றப்பத்திரிகையைத் திரும்பப் பெற்றது, இன்னும் பெரிய வழக்கு வருகிறது என்று சொல்லிக்கொண்டு. அது வரவே இல்லை. விக்டனும் டாபரும் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 1989 ஆகஸ்டில், அவர்கள் மீது நடவடிக்கை இல்லை என்று ஆனது. ஃப்ரீமன் மட்டும் ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு மாதம் சிறையில் இருந்தார். கைதில் அவசரப்பட்டுவிட்டோம் என்ற பொருளில் ஜூலியானி பிற்பாடு பேசினார்.

4,152 என்ற எண்ணில் விக்டன் இல்லை. மேல்முறையீட்டில் கவிழ்ந்த அந்த 25இலும் இல்லை. வழக்கே நடக்காததால் எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார். இப்படி ஒருவரை எனக்கும் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். கவுண்டரில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது பிடித்துப் போனார்கள், மறுநாள் பேப்பரில் படம். கையாடல் கணக்கில் தொகையே தப்பாகக் கூட்டப்பட்டிருந்தது என்று நான் குறுக்கு விசாரணையில் காட்டி, அவர் விடுதலையாவதற்குள் மகளின் கல்யாணப் பேச்சு முறிந்துபோயிருந்தது. விடுதலைச் செய்தியை யாரும் அச்சடிக்கவில்லை. ஜட்ஜ்மென்ட் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார், கேட்பவருக்கெல்லாம் காட்ட.

மாஃபியாவுக்கு ஓங்கிய ரிக்கோ வால் ஸ்ட்ரீட் மீதும் இறங்கியது. 1987 டிசம்பரில் பிரின்ஸ்டன்–நியூபோர்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தில் குண்டு துளைக்காத உடையும் துப்பாக்கியுமாக மார்ஷல்கள் நுழைந்தார்கள். தேடியது கணக்குப் புத்தகங்களை. சொத்தைப் பறிமுதல் செய்யும் அபாயம் தலைக்கு மேல் தொங்கவே, தீர்ப்பு வரும் முன்பே 1988 கடைசியில் நிறுவனம் மூடப்பட்டது. மறு ஆண்டு ஜூரி தண்டித்தது, 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ரிக்கோ தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் நடத்துவதற்கு நிறுவனமே இல்லை. டிரெக்சல் என்ற முதலீட்டு வங்கி இதைப் பார்த்தே 1988 டிசம்பரில் 65 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் நாயகன் மைக்கேல் மில்கன் 1990இல் ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டபோது, தம்பி லோவெல் மீதான வழக்கைக் கைவிடுவதும் பேரத்தில் ஒரு பகுதி. அப்போது ஜூலியானி பதவியில் இல்லை. வழக்கைக் கட்டியது அவர் அலுவலகம்.

என்னை மிகவும் உறுத்துவது 1988 கடைசியில் முடிந்த ஒரு வழக்கு. பெஸ் மயர்சன், 1945இல் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற முதல் யூதப் பெண், பிற்பாடு நியூயார்க் நகரின் கலாசாரத் துறை ஆணையர். அவருடைய காதலர் ஆண்டி கபாசோவின் விவாகரத்து வழக்கு ஹார்ட்டன்ஸ் கேபல் என்ற மூத்த பெண் நீதிபதி முன் இருந்தது. நீதிபதியின் மகள் சுக்ரீத்துக்கு மயர்சன் வேலை கொடுத்தார். அதற்குக் கைம்மாறாக ஜீவனாம்சம் குறைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பின் நட்சத்திர சாட்சி அந்த மகளே. அம்மாவோடு போனில் பேசியதை அரசுத் தரப்புக்காக ரகசியமாகப் பதிவும் செய்திருந்தாள். கண் பார்வை ஏறக்குறைய போய்விட்ட அந்த அம்மாள் எதிரிகள் வரிசையில் உட்கார்ந்திருக்க, மகள் கூண்டில் ஏறிப் பேசினாள். நம் சாட்சியச் சட்டம் கணவன் மனைவி பேச்சைக் காக்கிறது, தாய்-மகள் பேச்சைக் காப்பதில்லை. அங்கேயும் அப்படித்தான். சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக அந்தப் பதிவை ஒரு அரசு வழக்கறிஞர் கேட்டிருக்கக் கூடாது. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். டிசம்பர் 22 அன்று ஜூரி மூவரையும் விடுவித்தது.

கேமரா முன்னால் கைவிலங்கோடு நடத்திச் செல்லும் வழக்கம் ஜூலியானி கண்டுபிடித்ததல்ல. 1930களில் எட்கர் ஹூவரும் இதைச் செய்தார். பேனா பிடித்த கைகளுக்கும் அதை நியூயார்க்கின் வாடிக்கையாக்கியது ஜூலியானியின் காலம். ஜோடித்து நடத்தும் இத்தகைய ஊர்வலம் அரசமைப்புக்கு முரணானது என்று 2000இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கைது செய்த ஒருவரைப் படம் பிடிப்பதற்காகவே ஸ்டேஷனிலிருந்து காரில் ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி இறக்கிக் கூட்டிவந்த வழக்கு அது. உண்மையாகவே கொண்டுபோகும்போது படமெடுப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை. கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினத்தை 2009 அக்டோபரில் அதே தென் மாவட்ட அலுவலகத்தின் வழக்கில் கைது செய்தபோது, கைகளைப் பின்னால் கட்டி நடத்திச் சென்ற படத்தை உலகமே பார்த்தது. அவர் வழக்கில் ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் இருந்தன, 2011இல் 14 குற்றங்களும் நிரூபணமாயின. ஆனால் படம் எடுத்த அன்று எதுவும் நிரூபணமாகியிருக்கவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 1980இலேயே, பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், தக்க காரணமின்றி விலங்கிடுவது மனிதரை இழிவுபடுத்துவது என்று சொல்லிவிட்டது. நடைமுறை என்னவென்று கோர்ட் வளாகத்தில் நின்றால் தெரியும்.

ஜூலியானி 1989இல் மேயர் தேர்தலில் தோற்று, 1993இல் வென்றார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் ஜார்ஜியா மாநிலம், 2020 ஜனாதிபதித் தேர்தல் முடிவை மாற்றச் சதி செய்ததாக டிரம்ப், ஜூலியானி உட்பட 19 பேர் மீது தன் சொந்த ரிக்கோ சட்டத்தின்படி வழக்குப் போட்டது. ஜூலியானி ஃபுல்டன் மாவட்டச் சிறைக்குப் போய்க் கைரேகை வைத்தார், முகத்தைப் படமெடுத்து வெளியிட்டார்கள். விசாரணை நடக்கவே இல்லை. வழக்கு 2025 நவம்பரில் கைவிடப்பட்டது. பலர் அந்தப் படத்தைப் பார்த்து, விதைத்ததை அறுத்தார் என்று மகிழ்ந்தார்கள். நான் மகிழவில்லை. விக்டனுக்குச் செய்தது தப்பென்றால் இதுவும் தப்பு.

2024 ஜூலை 2 அன்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியது. தேர்தலைப் பற்றி நீதிமன்றங்களிலும் பொதுமக்களிடமும் தெரிந்தே பொய் சொன்னார் என்பது குற்றம். அவருக்கு நோட்டீஸ் போனது, சாட்சி விசாரணை நடந்தது, அவர் தரப்பு கேட்கப்பட்டது, காரணங்களை எழுதித் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை முழு மனதோடு ஏற்கிறேன்.