துண்டும் அம்புக்குறியும்: எஹலியகொடத் தோட்ட வரலாறும் நிகழ்வரிசை வரைபடமும்

நிகழ்ச்சிகளை அவை நடைபெற்ற ஒழுங்கில் நிரல்படுத்துதல் வரலாற்று மாணவருக்குப் புதியதன்று. ஆயின், எழுத்திலுள்ள குறிப்பைக் கொண்டு நிகழ்வரிசை வரைபடத்தைத் தானே வரைந்து தரும் கணினி மென்பொருள்கள் அண்மைக்காலத்தவை. இக்கருவிகள் வரலாற்றாய்வுக்கு எங்கே துணைபுரியும், எங்கே வழிதவறச் செய்யும் என்பதைச் சப்ரகமுவா மாகாணத்து எஹலியகொடப் பகுதியின் தோட்டத் தொழிலாளர் வரலாற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தொலைத்தொடர்புப் பொறியியலாளர், கருவிகள் தமக்குள் பரிமாறும் செய்திகளின் ஒழுங்கைக் குறிக்கக் கையாண்ட வரைமுறை 1993இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நியமமாயிற்று. 1997இல் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழியின் ஓர் அங்கமாக இத்தகைய வரைபடம் மென்பொருள் துறையெங்கும் பரவியது. இதில் பங்குபெறுவோர் மேலே வரிசையாக நிற்பர். ஒவ்வொருவர் பெயரின் கீழும் ஒரு நிலைக்குத்துக் கோடு இறங்கும். காலம் மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லும். ஒருவர் மற்றவருக்கு அனுப்புவது கிடையம்பாக அமையும். 2009இல் வெளிவந்த பிளான்ட்யுஎம்எல், 2014இல் வெளிவந்த மெர்மெய்ட் ஆகியன கையால் வரையும் உழைப்பை நீக்கின. யார், யாருக்கு, எதை என்பவற்றை ஒரு வரியில் எழுதினாற் போதும்; கோடும் அம்பும் தாமே அமையும்.

எஹலியகொட, கொழும்பு–இரத்தினபுரி வீதியில் அவிசாவளைக்கு அப்பால் உள்ள ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட றப்பர்ப் பெருக்கம் இப்பிரதேசத்தின் தோற்றத்தையே மாற்றியது. 1912இல் அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்கு நீட்டப்பட்ட ஒடுங்கிய புகையிரதப் பாதையும் இவ்வூரூடாகச் சென்றது. 1976இல் அது மூடப்பட்டது. புதிய றப்பர்த் தோட்டங்கள் தொழிலாளரைத் தேடியபோது, ஏனைய தோட்டங்களின் கங்காணிமாரைக் கூட்டத்தோடு ஈர்க்கும் போட்டி மூண்டது. இப்போட்டியின் ஆவணமே 'துண்டு' ஆகும். இத்தமிழ்ச் சொல் இலங்கையின் ஆங்கிலச் சட்ட வழக்கிலும் அப்படியே புகுந்தமை கவனிக்கத்தக்கது.

துண்டு கைமாறிய முறையை மென்பொருளுக்கு ஏற்பப் பின்வருமாறு எழுதலாம்:

பெரிய கங்காணி → பழைய தோட்டத்துரை: துண்டு கேட்டல்
பழைய தோட்டத்துரை → பெரிய கங்காணி: கடன்தொகை குறித்த துண்டு
பெரிய கங்காணி → புதிய தோட்டத்துரை: துண்டை ஒப்படைத்தல்
புதிய தோட்டத்துரை → பழைய தோட்டத்துரை: கடன்தொகை செலுத்துதல்
பழைய தோட்டத்துரை → பெரிய கங்காணி: கூட்டத்தை விடுவித்தல்

வரைபடத்தில் மூன்று கோடுகளும் ஐந்து அம்புகளும் தோன்றுகின்றன. தொழிலாளிக்கு அங்கு கோடு இல்லை. அவர் எதையும் அனுப்புவதுமில்லை, பெறுவதுமில்லை. கடைசி அம்பின் மேல் எழுதப்பட்ட 'கூட்டம்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றார். அதாவது, அவர் பங்குபெறுவோர் அல்லர், பரிமாறப்படும் பொருள். கங்காணியின் பெயரில் எழுதப்பட்ட கடன் ஈற்றில் அவர் தலையிலேயே இறங்கியது. எனினும் அக்கடனின் அளவைத் தீர்மானித்தோர் வேறொருவர். இந்தியாவிலிருந்து வரும்போது தோட்டத்தின் குறியீடும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டை அவர் அணிந்து வந்தமையும் இதே உறவைக் காட்டுகின்றது. பொதிக்கு முகவரி ஒட்டப்படுவது போல் மனிதருக்கு முகவரி இடப்பட்டது.

தொழிலாளி தாமே தொடுத்த அம்பு ஒன்று உண்டு. அது தோட்டத்தை விட்டு ஓடுதல். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. துரைமாருக்கிடையே நிகழ்ந்த கைமாற்றம் வாணிபம் எனப்பட்டது. தொழிலாளி தம் விருப்பிற் புறப்பட்டது குற்றம் எனப்பட்டது. வர்க்க உறவின் தன்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கத் தொழிலாளர் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் கடனையும் கங்காணியையும் சார்ந்து நின்ற வாழ்க்கை அச்சட்டத்தோடு முடிந்துவிடவில்லை.

ஆகவே, இக்கருவியின் பயனும் குறையும் ஒன்றே எனலாம். அது எழுதப்பட்டதை மட்டுமே வரைகின்றது. கணினியிலும் பதிவேட்டிற் குறிக்கப்படும் உறுப்பே அப்பதிவிலிருந்து வரையப்படும் படத்திற் கோடு பெறும். குறிக்கப்படாதது இயங்கினும் தோன்றாது. தோட்டத்திற் பதிவெழுதியோர் துரையும் கணக்கப்பிள்ளையுமே. செக்றோலையும் கடிதக் கோவைகளையும் மாத்திரம் கருவிக்குள் இட்டால், தோட்டக் கந்தோரின் பார்வையே வரலாறாக வெளிவரும். வரைபடத்தின் ஒழுங்கும் தெளிவும் அதற்கு நடுநிலைமையின் தோற்றத்தையும் அளித்துவிடும்.

இதற்கு மாற்று, கருவியைத் தள்ளுவதன்று. அதனுள் இடும் சான்றை விரிவாக்குவதாகும். ஓடியோர் மீதான வழக்கேடுகள், சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டிய தோட்டப்புறப் பாடல்கள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றையும் வரிகளாக எழுதுதல் வேண்டும். அவ்வாறு செய்யுமிடத்து நான்காவது கோடொன்று வரைபடத்தில் இறங்கும். அக்கோட்டிலிருந்து புறப்படும் அம்புகளைத் தேடி எழுதுவது மென்பொருளின் பணியன்று, ஆய்வாளரின் கடமையாகும்.